எழும்பாத பெட்டியும் எங்கள் கொப்பியும்

என் மேசையின் இடப்பக்க லாச்சிக்குள் ஒரு கொப்பி கிடக்கிறது. மட்டையில் மீன் செதில் ஒன்று ஒட்டிக் காய்ந்துபோயிருக்கிறது. கிள்ளினால் மட்டையும் சேர்ந்து உரியும் என்று விட்டுவைத்திருக்கிறேன். உள்ளே ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் என் கையால் போட்ட ஒரு ‘உ’ இருக்கும். அதற்குப் பக்கத்தில், வேறொரு பேனையால், சிலுவை அடையாளமாய்ச் சின்னதாய் ஒரு குருசு. அவற்றுக்குக் கீழே ‘முயற்சி 1’ என்று தொடங்கி ‘முயற்சி 26’ வரைக்கும், எத்தனை மணிக்கு என்ன மாற்றினோம், திரையில் என்ன வந்தது என்று வரிவரியாய் எழுதியிருக்கும். இருபத்தாறாம் முயற்சியின் பக்கத்தில் மட்டும் பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி, கொட்டுப்பட்ட கறை. கொட்டினது நான்தான்.

குருசு போட்டது என் மச்சாள். அண்ணையின் மனைவி. அவ குருநகர்க் கத்தோலிக்கம், நாங்கள் கொக்குவில் சைவம். அண்ணை அவவைக் கட்டினபோது எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு வருசம் அவவோடு கதையாமல் இருந்தவர்கள், போன் பழுதானதும் முதலில் தேடிப்போனது அவவைத்தான் என்பதோடு நிறுத்துகிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. ஆளையாள் மச்சாள் என்று கூப்பிட்டு, நீர் என்று கதைப்போம். அவ கம்பஸ் படித்து முடித்தவ. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கொக்குவில் ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு கொம்யூனிக்கேசன் கடையில் பதினாறு வருசம் விண்ணப்பங்கள், கடிதங்கள், கலியாணப் பத்திரிகைகள் அடித்துக் கொடுத்தேன். ஆர் என்ன அடிக்கத் தந்தாலும், அனுப்பின பிறகு பிழை விட்டிட்டேனோ என்று மூன்று தரம் திறந்து பார்ப்பேன். கடை பூட்டி வீட்டுக்கு வந்தும் யோசனை போகாது. கடை மூடுப்பட்ட கிழமை மச்சாள் வந்து, “எனக்கு உம்மைப்போல ஒரு ஆள் வேணும், வாரும்” என்றா. எதற்கு என்று கேட்டேன். “யோசிக்கிறதுக்கு” என்றா. பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை.

குருநகரில், வேதக்கோயில் மணிக்கூண்டு தெரியிற ஒழுங்கையில், இரண்டு அறை கொண்ட அவவின் பட்டறை இருந்தது. முன்னறையில் படகுகளின் ரேடியோவும் மீன் பார்க்கிற கருவியும் திருத்துவா. பின்னறையில் செய்தது வேறு வேலை. அதற்கு இரண்டு வருசம் முதல் அவவின் தம்பியின் படகு எஞ்சின் நின்று, ஆளும் படகும் இரண்டு நாள் எங்கே போனார்கள் என்று தெரியாமல் இழுபட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் வேறொரு படகுதான் கண்டு கட்டி இழுத்து வந்தது. தம்பி அதைப் பிறகு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவான். மச்சாள் ஒருநாளும் சிரித்ததில்லை. அந்தக் கிழமையே தொடங்கினதுதான் பெட்டி. உள்ளங்கையளவு கணினிப் பலகை, வானத்துச் சாட்டலைட்டைக் கேட்டு இடம் அறிகிற ஜிபிஎஸ் வாங்கி ஒன்று, ஒரு சின்ன ரேடியோ. படகு நிற்கிற இடத்தைப் பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் கரைக்குச் சொல்லும். பட்டறைத் திரையில் ஒவ்வொரு படகும் ஒரு புள்ளியாய்த் தெரியும். எட்டுப் படகுகளில் அந்தப் பெட்டி இருந்தது.

உப்புக்காற்று ஜிபிஎஸ் வாங்கிகளைத் தின்றுவிட்டது. எட்டில் ஐந்து செத்துப்போயின. புதிதாய் வாங்கினவை பார்வைக்கு அச்சு அசலாய் அவையேதான். ஆனால் உள்ளேயிருந்த சில்லு, அந்தச் சின்னக் கறுப்பு ‘சிப்’, வேறு. பெட்டியை ஓட்டுகிற மென்பொருளான லினக்ஸின் கேர்னலுக்கு அந்தச் சில்லை அடையாளம் தெரியவில்லை. கேர்னல் என்றால் என்ன என்று அண்டைக்கு எனக்குத் தெரியாது. மச்சாள் சொன்ன விளக்கம் இன்றைக்கும் எனக்குப் போதும். மின்சாரம் கொடுத்தவுடன் முதல் எழும்புகிறது அதுதான். மற்ற எல்லாரையும் எழுப்பி, ஆராருக்கு என்ன வேலை என்று சொல்லுவதும் அதுதான். அது எழும்பாவிட்டால் அந்த வீட்டில் ஒருத்தரும் எழும்பார். புதுச் சில்லை அதற்கு அறிமுகப்படுத்த, ஆரோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் விட்ட ஒட்டு ஒன்று இருந்தது. கேர்னலின் மூலத்தில் சில வரிகளை மாற்றுகிற சின்னக் கோப்பு. அதை ஒட்டி, கேர்னலை முழுதாய்த் திரும்பக் கட்டி, பெட்டியில் ஏற்றி எழுப்பவேண்டும். அவ்வளவுதான் என்றா.

அது கோயில் பெருநாள் நேரம். கொடி ஏறினால் அந்த நாட்களில் படகு இறங்காது. ஞாயிறு பெருநாள், திங்கள் விடிய எல்லாரும் கடலுக்கு. வியாழக்கிழமை தம்பி வந்து வாசலில் நின்றான்.

“அக்கா, உங்கடை பெட்டி எழும்பிட்டுதோ? இல்லாட்டிக் கோயில் மணியை இங்கை கொண்டுவந்து அடிக்கச் சொல்லட்டோ?”

“எழும்பும். நீ போய்ப் பந்தலைக் கட்டு.”

“எழும்பினாலும் எழும்பாட்டிலும் நாங்கள் திங்கள் இறங்கிறம். பத்து நாளாய்க் கரையிலை கிடக்கிறம்.”

“பெட்டி இல்லாமல் நீ இறங்கமாட்டாய்.”

“இறங்குவன் அக்கா” என்றான். இந்த முறை சிரிக்கவில்லை. அவன் போனபிறகு மச்சாள் கதவைச் சாத்திவிட்டு வந்தா. பிறகு என்னைப் பார்த்து, “கொப்பியை எடும்” என்றா.

கொப்பி என் வேலை. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பக்கம்; ஒரு முயற்சியில் ஒரே ஒரு மாற்றம். திரையில் வருவதை விளங்கினாலும் விளங்காவிட்டாலும் எழுத்துக்கு எழுத்து எழுதவேண்டும். நான் பக்கத்தின் தலைப்பில் ‘உ’ போட்டுத் தொடங்கினதைக் கண்டதும், அவ தன் பேனையை எடுத்துப் பக்கத்தில் குருசு போட்டா. அதற்குமேல் அதைப்பற்றி இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டாம் பக்கம் தொடக்கம் அது வழக்கமாகிவிட்டது. ஏதாவது பிழைத்து நான் பதறுகிற நேரமெல்லாம் அவ சொன்னது ஒன்றுதான்: “முதல் எழுதும். பிறகு பயப்பிடும்.”

முதல் முயற்சியிலேயே ஒட்டு ஒட்டவில்லை. அது வேறொரு பதிப்புக்கு எழுதப்பட்டது. மூன்று துண்டில் ஒன்று பிடித்தது, இரண்டு ஒட்டாமல் போயின. நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மச்சாள் ஒட்டாமல் போன துண்டுகளைத் திறந்து, எங்கள் பதிப்பில் அதே வரிகள் நாற்பது வரி கீழே இறங்கியிருப்பதைக் காட்டி, கையாலேயே மாற்றினா. பிறகு கட்டத் தொடங்கினால் நின்று நின்று போனது. திரை நிறையப் பிழை. நான் கடைசியாய் வந்ததைக் கொப்பியில் எழுத, அவ தடுத்தா. “கடைசிப் பிழையை விடும். மேலை போய் முதல் பிழையைத் தேடும். மற்றதெல்லாம் செத்தவீட்டுக்கு வந்து அழுகிற ஆக்கள். முதல் ஆர் செத்தது எண்டு பாரும்.” மேலே போனால், தேவையான ஒரு கருவி மடிகணினியில் இல்லை என்ற ஒற்றை வரி. அதைப் போட்டதும் அழுகை அடங்கியது. ஆறாம் முயற்சியில் மடிகணினியில் இடம் போதாமல் நின்றது. ஒன்பதாவதில் கேர்னல் கட்டி முடிந்து பெட்டியும் எழும்பியது. ஆனால் புதுக் கேர்னல் பழைய துணைக்கோப்புகளைத் தன்னுடையவை இல்லை என்று தள்ளிவிட்டது. பதிப்புப் பெயரின் வாலில் ஒரு சொல் வித்தியாசம். பதின்மூன்றாவதில் புதுச் சில்லை அது கண்டுகொண்டது. வெள்ளி மத்தியானம். மச்சாள் எழும்பி நின்று கை தட்டினா. எதிர் வீட்டு மீன்காரி எட்டிப் பார்த்து, “என்ன, பிள்ளை நடந்திட்டுதோ?” என்று கேட்டாள்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கொப்பி பாதியில் முடிந்திருக்கும். ஆனால் படகுக்காரர் பெட்டியை முறைப்படி நிற்பாட்டுவதில்லை. கரைக்கு வந்ததும் பற்றரி வயரைப் பிடுங்குவார்கள். அப்படிப் பிடுங்கிப் பிடுங்கி முன்பு இரண்டு பெட்டியின் மெமரி கார்ட் பழுதாயிருந்தது. ஆகவே இந்த முறை எட்டுப் பெட்டியிலும் கார்டில் ஒன்றும் எழுதாமல், எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைத்து ஓடவிட மச்சாள் தீர்மானித்தா. அதற்கு, கேர்னல் எழும்பினதும் முதலாவதாய்க் கூப்பிடுகிற ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு வேண்டும். என்னென்ன வரிசையில் நடக்கவேண்டும் என்று அவ சொல்ல, நான் அடித்தேன். அதுவரையில் ஏற்கெனவே இருந்த கோப்புகளில்தான் அங்கொன்று இங்கொன்று மாற்றியிருக்கிறேன். முதல் எழுத்திலிருந்து நானே அடித்த முதல் கோப்பு அதுதான். பெருமையாயிருந்தது. பழைய பெட்டியில் கையால் ஓடவிட்டுப் பார்த்தோம். ஓடியது. தொடக்கத்தில் ஒரு வெள்ளைச் சதுரமும் ‘காணவில்லை’ என்று இங்கிலீசில் ஒரு சொல்லும் வந்து ஓடி மறைந்தது. வழக்கப்படி எழுதினேன். இது என்ன என்று கேட்டதற்கு மச்சாள், “திரை வயர் பழுது, குப்பை காட்டுது” என்றா.

புதுப் பெட்டியில் ஏற்றினோம். கேர்னல் எழும்பியது, சில்லைக் கண்டது, என் கோப்பைக் கூப்பிட்டது, அப்படியே விறைத்து நின்றது. ஓடவிடத் தகுந்த முதல் கோப்பு ஒன்றும் இல்லையாம். அதற்கு மேல் வரியில் ‘பிழை -8’.

அந்த எட்டுத்தான் எங்களைச் சுத்தி ஏமாற்றினது. ஒரு வகை இயந்திரத்துக்குச் செய்ததை இன்னொரு வகை இயந்திரத்தில் ஓடவிட்டால் அந்த எண் வரும். மடிகணினியில் கட்டின கருவிகளைத் தவறிப் பெட்டிக்குள் போட்டுவிட்டோம் என்று மச்சாள் முடிவெடுத்து, அவற்றைத் திரும்பத் திரும்பக் கட்டினா. வெள்ளி பின்னேரம் முழுக்க, சனி காலமை முழுக்க. பதினான்கிலிருந்து இருபத்துமூன்று வரைக்கும் கொப்பியில் ஒவ்வொரு பக்கமும் முடிவது ஒரே வசனத்தில்: ‘விறைத்தது. -8.’ என் கோப்பை அவ மூன்று தரம் சத்தமாய் வாசித்தா. ஒரு எழுத்துப் பிழை இல்லை. எனக்கு உள்ளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கம்பஸ் படித்த ஆள் செய்தவரைக்கும் எல்லாம் எழும்பியது. ஒன்பதாம் வகுப்புக்காரி கை வைத்த இடத்தில் நின்றுவிட்டது.

சனி மத்தியானம் அவ தன் கணினியில் மூன்றே வரியில் ஒரு கோப்பு எழுதி ஏற்றினா. பெட்டி எழும்பியது. அது இருபத்துநான்கு. பிறகு என் கோப்பைப் பார்த்துப் பார்த்து முழுவதையும் தன் கையால் திரும்ப அடித்து ஏற்றினா. இருபத்தைந்து. அதுவும் எழும்பியது.

“நான் அடிச்சா எழும்பேல்லை, நீர் அடிச்சா எழும்புது” என்றேன். “என்ரை கை ராசி.”

“கேர்னலுக்கு ராசி தெரியாது மச்சாள். விடும். என்ரை கோப்பைப் போட்டு எட்டையும் முடிப்பம். தம்பிக்குப் பெட்டி கிடைச்சாச் சரி.”

எனக்கும் ஓம் என்று தலையாட்ட ஆசைதான். ஆனால் நான் மூன்று தரம் திறந்து பார்க்கிற ஆள். “ஏன் எண்டு தெரியாமல் கடலுக்கு விடேலாது” என்றேன். “இண்டைக்கு உம்மடையது எழும்புது. நடுக்கடலிலை எழும்பாமல் விட்டால்?” அவ கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டா.

இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே சொற்கள், ஒரே வரிசை. எனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்தேன்: அளவு பார்த்தேன். என்னுடையது நாலு பைட் கூட. நாலு. கடையில் பதினாறு வருசம் இணையப் படிவம் நிரப்பினவளுக்கு அந்தக் கணக்குத் தெரியும். சில படிவங்களில் தமிழ்ப் பெயர் அடித்தால் பெட்டி சட்டென்று நிரம்பிவிடும். இங்கிலீசு எழுத்துக்கு ஒரு இடம், தமிழ் எழுத்துக்கு மூன்று. மூன்றும், வரி முடிகிறதுக்கு ஒன்றும். நாலு. எங்கள் கோப்பில் தமிழ் எழுத்து ஏது?

கண்ணைத் தூக்கினேன். கோப்பின் முதல் வரியில், நடுவில்கூட இல்லை, ஓரமாய், தனியாய் நின்றது ‘உ’.

நான் போட்டதுதான். போட்டது எனக்கு நினைவில்லை. வெற்றுப் பக்கம் கண்டால் என் விரல் கேட்காமலே போடும். மச்சாள் அதை மூன்று தரம் வாசித்தும் காணாததற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. இரண்டு நாளாய் என் கொப்பியில் என் ‘உ’வை அவ வாசிப்பதில்லை, அவவின் குருசை நான் வாசிப்பதில்லை. அது ஒருவருக்கொருவர் காட்டின மரியாதை. அந்த மரியாதையோடேயே கோப்பையும் இரண்டாம் வரியிலிருந்து வாசித்திருக்கிறா. கேர்னலுக்கு அந்த மரியாதை இல்லை. கோப்பின் வாசலில் காவல்காரன்போல நிற்கவேண்டிய ‘#!’ என்ற முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துத்தான் இதை ஆரிடம் கொடுத்து ஓடவிடுவது என்று அது தீர்மானிக்கும். அந்த இடத்தில் அதற்குத் தெரியாத ஒன்று நின்றதும் கை விரித்துவிட்டது. கையால் ஓடவிட்டபோது நாங்கள் தட்டின கட்டளைத் திரை அவ்வளவு கண்டிப்பில்லாதது. ‘இப்படி ஒரு கட்டளை காணவில்லை’ என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. அந்த முணுமுணுப்புத்தான் நான் எழுதிவைத்த வெள்ளைச் சதுரம். பதினான்காம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். மச்சாள் நெற்றியில் அடித்துக்கொண்டா. “நீர் எழுதியும் வைச்சிருக்கிறீர். நான்தான் குப்பை எண்டன்.”

இனி அழிக்கவேண்டியதுதான். கேசரை அந்த வரிக்குக் கொண்டுபோனேன். விரல் இறங்கவில்லை. சிரிப்பதற்குரிய விசயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் திங்கள் விடிய அந்தக் கோப்புக் கடலுக்குப் போகிறது, அதோடு மச்சாளின் தம்பியும் போகிறான். போகிற நேரத்தில் பிள்ளையாரை அழித்தவள் நானாக இருக்கவேண்டுமா? பக்கத்திலிருந்த பிளேன்ரீயை எடுக்கப் போய், இருபத்தாறாம் முயற்சிக்கு விரித்துவைத்த பக்கத்தில் கொட்டினது அப்போதுதான்.

மச்சாள் சிரிக்கவில்லை. கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்தா. “அழிக்க வேண்டாம். ஒரு வரி கீழை இருத்துவம். வாசலிலை நிக்கிறவன் முதல் நிக்கட்டும்.” ‘உ’வை இரண்டாம் வரிக்கு இறக்கி, அதற்கு முன்னால், இது இயந்திரத்துக்கு இல்லை, மனிசருக்கு என்று சொல்லுகிற அடையாளத்தைப் போட்டா. கொஞ்சம் யோசித்து, ‘உ’வுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் அடித்தா. “இவரும் கூடப் போகட்டும். தனிய விட்டா உம்மடை ஆள் பயப்பிடுவார்.”

முயற்சி இருபத்தாறு. எழும்பியது. சில்லைக் கண்டது, வானத்தைத் தேடியது, இரண்டு நிமிசத்தில் பட்டறைத் திரையில், குருநகர் ஒழுங்கைக்கு மேல், ஒரு புள்ளி விழுந்தது. ஐந்து தரம் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டோம். ஐந்து தரமும் எழும்பியது. ஞாயிறு பூசை முடிந்து பெருநாள் உடுப்போடேயே வந்து எட்டையும் படகுகளில் பூட்டினோம்.

திங்கள் விடிய ஏழு புள்ளி வந்தது. எட்டாவது தம்பியின் படகு. பத்து நிமிசம், இருபது நிமிசம். மச்சாள் குருசு போட்ட சங்கிலியைப் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றா. அண்டைக்கு நான்தான் சொன்னேன், “முதல் எழுதுவம்” என்று. நேரம், கடைசியாய் எங்கே கண்டோம், எத்தனை முறை வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கையில் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தோம். தம்பியின் குரல் வந்தது. “பெட்டியோ? நனைஞ்சுபோமெண்டு தகரச் சட்டி ஒண்டாலை மூடிவிட்டனான் அக்கா.” மச்சாள் ரேடியோவில் சொன்னதை நான் கொப்பியில் எழுதவில்லை. தகரத்துக்குள்ளால் பெட்டிக்கு வானம் தெரியாது. சட்டியை எடுத்தான். எட்டாவது புள்ளி விழுந்தது.

மச்சாளும் அண்ணையும் பிள்ளைகளும் நோர்வேக்குப் போய் நான்கு வருசம். அங்கேயும் அவவுக்குப் படகுக் கருவிகள் செய்கிற இடத்தில்தான் வேலை. பட்டறை இப்போது என் கையில். பெட்டியும் எட்டில் நிற்கவில்லை. கேர்னல் புதுசு வரும்போதெல்லாம் ஒட்டுகிறேன், கட்டுகிறேன், எழுப்புகிறேன். ஒட்டாத துண்டைக் கையால் மாற்றுகிறேன், முதல் பிழையைத் தேடிப் போகிறேன். ஒன்பதாம் வகுப்பு என்று இப்போது ஒருத்தரும் கேட்பதில்லை, நானும் நினைப்பதில்லை. பயம் போகவில்லை, எழுதி முடிக்கும்வரை காத்திருக்கப் பழகிவிட்டது.

போன கிழமை மறுபடியும் வேறு சில்லோடு ஒரு தொகுதி வந்தது. மச்சாள் அங்கிருந்தே தொடக்கக் கோப்பைத் திருத்தி அனுப்பியிருந்தா. திறக்க முதல் அளவைப் பார்த்தேன், அது என் பழக்கம். பிறகு திறந்தேன். முதல் வரியில் வாசலில் நிற்கிறவன். இரண்டாம் வரியில், நான் கேட்காமலே, அவ கையால் அடித்த ‘உ’. பக்கத்தில் கூட்டல் குறி.

லாச்சியைத் திறந்து பழைய கொப்பியை ஒருக்கால் தொட்டுவிட்டுப் புதுக் கொப்பியை எடுத்தேன். பக்கத்தின் தலைப்பில் ‘உ’ போட்டேன். என் கொப்பிகளில் அதன் பக்கத்து இடம் நான்கு வருசமாய் வெறுமனே கிடக்கிறது. மற்றப் பேனையை எடுத்து, சின்னதாய் ஒரு குருசு போட்டேன். கேர்னலைக் கட்டிப் பெட்டியில் ஏற்றி எழுப்பிப் பார்த்து, அவற்றுக்குக் கீழே எழுதினேன்: முயற்சி 1. எழும்பியது.